சாய்ந்தால் குண்டு படாது

மலாங் நகரத்துப் பிளிம்பிங் சந்தில், வியோனோவின் வீடியோ விளையாட்டுக் கடைக்குள் புதிதாக நுழைகிறவனுக்கு முதலில் சொல்லப்படுவது மணிக்கு எவ்வளவு என்பதல்ல, எங்கே உட்காரக் கூடாது என்பதுதான். வியோனோவுக்கு இடப்பக்கம் உட்காரக் கூடாது. வலப்பக்கம் உட்காரலாம், ஆனால் கையில் பக்சோ சூப்புக் கிண்ணம் இருக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்தால் முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வந்து மூக்கில் அடிவாங்கிப் போனவர்கள் சந்தில் பல பேர். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரும் அதில் ஒருவர், பாவம், தன் மகனைத் தேடி வந்தவர்.

காரணம் வேறொன்றுமில்லை. வியோனோ விளையாடும்போது உடம்பு ஆடும்.

அவர் கடையில் நான்கு டிவி உண்டு. மூன்றில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். நான்காவதில், சாயங்காலக் காப்பிக்குப் பிறகு, வியோனோவே உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவார். அந்த விளையாட்டில் சுடுகிறவனின் உருவம் திரையில் தெரியாது. அவன் கண் பார்ப்பதுதான் திரை, கீழ் ஓரத்தில் துப்பாக்கிக் குழல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கையிலிருக்கும் கண்ட்ரோலரில் இரண்டு குட்டிக் குச்சிகள். அவற்றைக் கட்டைவிரலால் தள்ளினால் நடக்கலாம், திரும்பலாம், குறி பார்க்கலாம். உலகத்தில் மற்ற மனிதர்கள் எல்லாரும் கட்டைவிரலை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு மிச்ச உடம்புக்கு விடுமுறை கொடுத்துவிட்டுத்தான் இதை ஆடுகிறார்கள். வியோனோவால் அது முடியாது. திரையில் சுவர் மூலை வந்தால் எட்டிப் பார்க்கக் கழுத்து நீளும். குண்டு வந்தால் குனிவார். ஏணி ஏறினால் முட்டி உயரும். ஏரிக்குள் முங்கினால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை ஏரி கொஞ்சம் நீளமாகப் போய்விட்டதால், மனைவி முர்னி அடுப்படியிலிருந்து ஓடிவந்து முதுகில் அறைந்து அவரைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

கடையையும் வீட்டையும் பிரிக்கிற ஒட்டுப்பலகைத் தடுப்பில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது வியோனோவின் தலை வருடக்கணக்காகச் செய்த வேலை. இடித்ததும் தடுப்பைப் பார்த்து "மன்னிச்சுக்கோ" என்பார். ஆட்டத்தை நிறுத்த மாட்டார்.

சந்தில் அவருக்குப் பாக் கோயாங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பாக் என்போம், பெற்ற அப்பாவையும்தான். கோயாங் என்றால் ஆட்டம், குலுக்கல். ஆட்டக்கார ஐயா. வியோனோ என்று கேட்டு வந்தால் கடைக்கு வழி சொல்ல ஆளில்லை, கோயாங் என்றால் குழந்தைகூட விரல் நீட்டும்.

இந்த உடம்பு ஒரு நாளில் வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் வியோனோ கெடிரி போகிற பேருந்தில் கிளீனராக இருந்தார். பூஜோன் மலையை ஏறி இறங்குகிற பாதை அது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு தொடங்கிவிடும். வாசற்படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பினால் இவர் வலப்பக்கம் சாய்வார், இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். வண்டி திரும்புவதால் அவர் சாய்வதாக மற்ற கிளீனர்கள் நினைத்தார்கள். தான் சாய்வதால்தான் வண்டி திரும்புகிறது என்று வியோனோ நம்பினார். ஓட்டுநரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. வேலையை விட்ட பிறகும் அந்தப் பேருந்து பள்ளத்தில் விழாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று யாராவது கேட்டால், "இப்ப மெதுவாப் போறாங்க" என்பார்.

முர்னி, டெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டியைச் சீவிச் சிப்ஸாகப் பொரித்து விற்கிறவள். அவளுடைய வீட்டு முன்கூடத்தில்தான் முதல் டிவி வந்தது. அவர்களுக்கு ஒரே மகள், கினாசி. அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவின் இடப்பக்கத்தில், அந்த ஆபத்தான இடத்திலேயே, உட்கார்ந்து வளர்ந்தாள். அவளுக்கு மட்டும் அடி பட்டதில்லை. அவர் சாய்கிற பக்கமெல்லாம் அவளும் சாய்ந்துகொள்வாள், இடைவெளி மாறாது. அதையெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய பள்ளிக்கூடம் போனதும் அது நின்றது. வகுப்பில் யாரோ அவளைக் கோயாங் மகள் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு வந்து கண்ட்ரோலரைக் கீழே வைத்தவள் பிறகு எடுக்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிப்ஸைப் பையில் போட்டு ஒட்டுவாள். அவள் ஒட்டுகிற பைகளில் சிப்ஸ் ஒரு பக்கமாக நொறுங்கியிருப்பதாக முர்னி அடிக்கடி புலம்புவாள். பிள்ளைக்கு வேலையில் கவனம் இல்லை என்று இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

வியோனோவுக்கு இது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. இடப்பக்கம் காலியாகக் கிடந்தது. வாடிக்கையாளரை அங்கே உட்கார விடாததற்கு அவர்கள் மூக்கு மட்டும் காரணமல்ல.

இந்த நிலையில்தான் பிமோ வந்து சேர்ந்தான். எங்கள் சந்துத் தலைவர் பாக் ஹர்தோமோவின் அண்ணன் மகன், சுரபாயாவில் கணினிப் படிப்பு. விடுமுறைக்கு வந்தவன் பையில் புது மாதிரிக் கண்ட்ரோலர்கள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகப் பிரியும். இடது பாதியில் நடக்கக் குச்சி, வலது பாதியில் அசைவை உணர்கிற கருவி. வலது பாதியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் துப்பாக்கி திரும்பும். குச்சி தள்ளுகிற வேலை பாதியாகக் குறையும்.

பிமோ முதல் நாளே கடையில் உட்கார்ந்து, வியோனோ விளையாடுவதைக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"பாக், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க சாயுறது அந்தக் கண்ட்ரோலருக்குத் தெரியாது."

"தெரிய வேணாம்" என்றார் வியோனோ, குனிந்தபடி. "எனக்குத் தெரியுது."

"சாயுறதால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்றேன்."

"சாஞ்சா குண்டு படாது தம்பி. நீ சின்னப் பையன்."

அவர் தலைக்கு மேலே குண்டு போனது. நியாயமாகப் பார்த்தால் கட்டைவிரலும் ஏதோ செய்திருக்கும்.

பிமோ தன் கருவியை நீட்டினான். செய்தி சந்து முழுக்கப் பரவி, பொரித்த வாழைப்பழம் விற்கிற டார்மி வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். இத்தனை வருடம் வீணாகப் போன ஆட்டமெல்லாம் இனிமேல் கணக்கில் சேரும், மனுஷன் மலாங்கிலேயே பெரிய வீரராகிவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வியோனோவுக்கும் கொஞ்சம் ஆசைதான். வலது பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிரி வந்தான், சுட்டான். வியோனோ இடப்பக்கம் சாய்ந்தார். துப்பாக்கியும் இடப்பக்கம் சாய்ந்து ஒரு சுவரைப் பார்த்தது. குனிந்தார், துப்பாக்கி தரையைப் பார்த்தது. நிமிர்ந்தார், வானம். எதிரி எங்கே இருக்கிறான் என்று கடைசி வரை தெரியவில்லை. எதிரியும் இவர் என்ன செய்கிறார் என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் சுட்டான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் டார்மி.

வியோனோ கருவியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல சாமான்தான் தம்பி. ஆனா இது நான் சொல்றதக் கேக்குது. எனக்கு அது ஒத்து வராது. நான் தப்பிக்கச் சாயுறேன், அதுக்காகக் கண்ணையும் கூடவே தூக்கிட்டுப் போகலாமா? கேக்காத வரைக்கும் நிம்மதியா இருந்தேன்."

இப்படியாக, பிளிம்பிங் சந்திலேயே அதிகமாக அசைகிற மனிதர் அசைவு அறியாத குச்சிக்குக் கட்சித் தலைவரானார். அசைவுக் கட்சிக்குத் தலைவன் பிமோ. அவன் விளையாடும்போது மணிக்கட்டு மட்டும் ஒரு நூல் அளவு அசையும். மற்றபடி கண் சிமிட்டுவதற்கே யோசிப்பான். இதில் இருக்கிற வேடிக்கை சந்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேல்சந்துக்காரர்கள் பிமோ பக்கம், ஆற்றோரத்துக் கீழ்சந்துக்காரர்கள் வியோனோ பக்கம்.

"நெஜத்துல யாராவது கட்டைவிரலால குறி பாப்பாங்களா?" என்று மேல்சந்து கேட்டது.

"நெஜத்துல யாராவது பொரிச்ச வாழைப்பழம் மாதிரி இருக்கறதப் புடிச்சிக்கிட்டுச் சண்டைக்குப் போவாங்களா?" என்று கீழ்சந்து திருப்பிக் கேட்டது. டார்மிக்கு இந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் இரண்டு பக்கத்துக்கும் பழத்தைச் சிறியதாகவே பொரித்தாள்.

ஆகஸ்டு பதினேழு நெருங்கியது. சுதந்திர தினத்துக்கு ஒவ்வொரு சந்திலும் போட்டி வைப்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்குகிற அப்பளத்தைக் கடிப்பது, சாக்குக்குள் நின்று குதிப்பது, இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் பின்னால் தொங்குகிற ஆணியை, கை படாமல், குந்திக் குந்தியே பாட்டிலுக்குள் இறக்குவது. எந்தக் காரியத்தையும் நேராகச் செய்ய விடுவதில்லை என்பதுதான் எங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தின் ஒரே விதி. இந்த வருடம் துப்பாக்கி விளையாட்டும் உண்டு என்று பாக் ஹர்தோமோ அறிவித்தார். மேல்சந்துக்குப் பிமோ, கீழ்சந்துக்கு வியோனோ.

அன்று மாலை கினாசி தடுப்பைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தாள். அவள் கடைக்குள் வந்து நாளாகியிருந்ததால் வியோனோ எழுந்து நின்றுவிட்டார்.

"பாக், போட்டில நீங்க ஆடப் போறீங்களாமே."

"கீழ்சந்துல வேற ஆள் இல்லம்மா."

"என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் பாக்க வருது."

"வரட்டுமே, ந்துக்." பெண் பிள்ளையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கினாசி கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க விளையாடுறத நான் வேணாங்கல. ஆடாம விளையாடுங்க. அன்னிக்கும் ஆடினீங்கன்னா, அடுத்த வருசம் நான் கெடிரிக்கு அத்தை வீட்டுக்குப் போயிடறேன். மேல்படிப்ப அங்கயே படிச்சுக்கறேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பிள்ளைக் கோபம் என்று விட்டிருக்கலாம். அத்தையிடம் தொலைபேசியில் பேசிவிட்டதாகவும் சொன்னாள்.

"ஆட மாட்டேன்" என்றார் வியோனோ.

"ஒரு தடவகூட?"

"நட்ட கம்பம் மாதிரி இருப்பேன். சத்தியம்."

சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது. குச்சிதானே, கட்டைவிரல்தானே. வேண்டுமானால் உடம்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவர் நல்லதையே நினைத்தும் கேடு கூட்டம் போட்டு வந்தது.

எந்தக் கண்ட்ரோலர் என்று முடிவு செய்யப் பாக் ஹர்தோமோவின் வீட்டு வாசலில் பாய் விரித்துக் கூட்டம். பாக் ஹர்தோமோ குடிநீர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாக்கெடுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு கரிக்கும்.

"ஓட்டுப் போட்டா ஒருத்தர் ஜெயிப்பாரு, ஒருத்தர் தோப்பாரு. அப்புறம் குழாயடியில பேசிக்க மாட்டாங்க. நாம கூடிப் பேசுவோம். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் புடிக்காததுதான் நல்ல முடிவு."

பேசினார்கள். மேல்சந்து அசைவு இல்லாமல் ஆட மாட்டேன் என்றது. கீழ்சந்து குச்சி இல்லாமல் ஆட மாட்டேன் என்றது. சரி, இடது கையில் குச்சிப் பாதி இருக்கட்டும், அசைவுப் பாதி வலது கையில் இருக்கட்டும் என்றார் ஒருவர். அது பிமோவுக்குப் பழக்கம், அவனுக்கே சாதகம் என்றது கீழ்சந்து. அப்படியென்றால் அசைவுப் பாதி யாருக்கும் பழக்கமில்லாத இடத்தில் இருக்கட்டும் என்றார் இன்னொருவர். எந்த இடம் என்று கேள்வி வந்தது. தட்டு தட்டாகப் பொரித்த டெம்பே வந்துகொண்டிருந்தது. ஆணி பாட்டில் போட்டிக்காக வாங்கி வைத்த பிளாஸ்டிக் கயிறு பாக் ஹர்தோமோவின் மடியில் இருந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு வலது பாதியைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் அவர் பார்ப்பதைப் பார்த்தது.

முடிவு இதுதான்: அசைவுப் பாதியை இருவருக்கும் இடுப்பில், பின்பக்கம், ஆணி தொங்குகிற அதே இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். குச்சிப் பாதியைக் கையில் பிடித்து நடக்க வேண்டும், சுட வேண்டும். குறி பார்ப்பது பின்புறத்தால். நின்றுகொண்டே ஆட வேண்டும், உட்கார்ந்தால் கருவி உடையும். முடிவு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எனவே ஒருமனதாக நிறைவேறியது.

வியோனோ வீட்டுக்குத் திரும்பிக் கூட்டத்தின் முடிவைச் சொன்னார். முர்னி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கினாசி சிரிக்கவில்லை.

"சொன்னது சொன்னதுதான் பாக்."

"இடுப்ப ஆட்டாம குறி பாக்க முடியாதேம்மா."

"அப்ப குறி பாக்காதீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். குறி பார்க்காமல் ஒரு சண்டை. குச்சியால் நடக்கலாம், முகம் பார்க்கிற திசையிலேயே நிற்கலாம், எதிரி தானாக எதிரே வந்து நின்றால் சுடலாம். வருவதற்கு அவனுக்கு என்ன தலையெழுத்து என்பது வேறு விஷயம். தோற்றால் தோற்கட்டும், பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். தோல்வி அவருக்குப் பெரிதல்ல. இந்த உடம்பு சொன்னபடி கேட்குமா என்பதுதான் பயம். போட்டி வரைக்கும் ஒவ்வொரு நாளும் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, முர்னியை விட்டு "குண்டு வருது, குண்டு வருது" என்று சொல்லச் சொல்லி, அசையாமல் நிற்கப் பழகினார். முதல் நாள் அலமாரிக் கதவு கழன்றது. கடைசி நாள் காது மட்டும் துடித்தது.

பதினேழாம் தேதி காலை. சந்தின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கொடித் தோரணம். அப்பளப் போட்டிக்குக் கட்டிய கயிறு ஒரு மூங்கிலிலிருந்து இன்னொரு மூங்கிலுக்குப் போயிருந்தது, அப்பளங்கள் அதில் காற்றில் ஆடின. தார்ப்பாய்க்குக் கீழே மேசை, மேசைமேல் டிவி, திரை இரண்டாகப் பிரிந்து மேல் பாதி பிமோவுக்கு, கீழ் பாதி வியோனோவுக்கு. ஆடுகிறவர்களுக்குப் பக்கவாட்டில், முன்வரிசையில் கினாசியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும். பாக் ஹர்தோமோ ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். அதை இனி யாராலும் வாங்க முடியாது.

இருவரையும் திருப்பி நிறுத்திப் பின்னால் கட்டினார்கள். பிமோவின் முகம் ஊசி போட்டுக்கொள்கிறவன் முகமாக இருந்தது. மூன்று முறை எதிரியை வீழ்த்துகிறவர் வெற்றி என்று சொல்லி விசில் ஊதினார்கள்.

அசைவுக் கட்சித் தலைவனுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. இடப்பக்கம் திரும்ப நினைத்து ஒரு வெட்டு வெட்டினான், திரை இரண்டு சுற்றுச் சுற்றித் தரையைப் பார்த்தது. சரிசெய்யப் பின்புறத்தைத் தூக்கினான், வானம் வந்தது. பதற்றத்தில் சுட்டான். மேகங்களுக்குப் பலத்த சேதம்.

"மேல்சந்து வீரர் விமானப்படையோட மோதுறாரு" என்றது ஒலிபெருக்கி.

வியோனோ நின்றார். நட்ட கம்பம் என்று சொன்னது சும்மா இல்லை. அவருடைய பாதி திரை ஒரு தண்ணீர்த் தொட்டியையும் அதற்குப் பக்கத்தில் ஒரு கதவையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிமோவின் குண்டுகள் தற்செயலாக அவர் பக்கம் வந்தபோது காது துடித்தது. அவ்வளவுதான். கழுத்து நரம்பு புடைத்து, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒருமுறை சுற்றிச் சுழன்ற பிமோ வழிதவறி அவருடைய கதவுக்கு எதிரேயே வந்து நிற்க, வியோனோ பொத்தானை அழுத்தினார். கீழ்சந்துக்கு ஒன்று.

ஆனால் கூட்டத்துக்குத் திருப்தி இல்லை. பாக் கோயாங் பின்புறத்தில் கருவி கட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்க்க ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

"பாக், உடம்பு சரியில்லையா?"

"கரண்ட் போயிடுச்சா ஐயாவுக்கு?"

"காசக் குடுத்துக் கச்சேரிக்கு வந்தா பாடகர் தூங்குறாரே" என்றாள் டார்மி. அவள் காசு ஏதும் கொடுக்கவில்லை.

வியோனோ அசையவில்லை. எத்தனை கேலிக்குச் சாயாமல் நின்றாரோ அத்தனை தூரம் கெடிரி விலகிப்போவதாக அவருக்குத் தோன்றியது. மனதுக்குள் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

அப்போது சிரிப்பு கிளம்பியது. முதலில் ஓரத்தில் ஒருவர், பிறகு ஒரு வரிசை, பிறகு தார்ப்பாய்க்குக் கீழே இருந்த எல்லாரும். தன் காதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று வியோனோ நினைத்தார். ஆனால் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் ஓட்டி அவர்கள் பார்க்கிற பக்கம் பார்த்தார்.

முன்வரிசையில் கினாசி இடப்பக்கம் சாய்ந்திருந்தாள். தாடை முன்னால் நீண்டிருந்தது. கண் திரையை விட்டு அகலவில்லை. பிமோவின் குண்டு வந்தது, அவள் குனிந்தாள். அப்பா நிற்கிற கதவு மூலையை எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். மறுபடி குண்டு, மறுபடி இடப்பக்கம். பக்கத்துப் பிள்ளையின் மூக்கு நூலிழையில் தப்பியது. அப்பா ஆட வேண்டிய ஆட்டம் முழுவதையும் மகள் ஒன்று விடாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவே இல்லை.

ஒரு பக்கமாக நொறுங்கின சிப்ஸ் எல்லாம் வியோனோவின் நினைவுக்கு வந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, குண்டுச் சத்தத்தைக் கேட்டு, இத்தனை நாளும் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறாள் பிள்ளை.

"கோயாங் குட்டி!" என்று ஒரு குரல் கத்தியது.

"அடடா, கீழ்சந்து வீரர் தன் ஆட்டத்த மகளுக்கு எழுதி வச்சிட்டாரு போல" என்றார் பாக் ஹர்தோமோ, ஒலிபெருக்கியில், சந்து முழுக்கக் கேட்கும்படி. மனுஷன் கெட்டவரில்லை. ஒலிபெருக்கி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கினாசியின் ஆட்டம் நின்றது. சுற்றிப் பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரை போனது. தலையைக் குனிந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உடம்பை ஆடாமல் வைக்க வியோனோ கண்ணாடி முன்னால் பட்ட அதே பாடு. சிரிப்பு நிற்கவில்லை.

வியோனோ சத்தியத்தை மறக்கவில்லை. அதை நன்றாக நினைவு வைத்துக்கொண்டுதான் மீறினார்.

இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். கூட்டம் திரும்பியது. குனிந்தார், எழுந்தார், ஒற்றைக் காலில் நின்று பூஜோன் மலையின் அத்தனை வளைவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். இல்லாத ஏணியில் ஏறினார். இல்லாத ஏரியில் முங்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு மேசையைச் சுற்றி நீந்தினார். திரையில் அவருடைய பாதி பம்பரம் விட்டது. தண்ணீர்த் தொட்டி செத்தது, கதவு செத்தது, சூரியன் காயத்தோடு தப்பியது. பிமோ அவரைச் சுட்டான். சுட்டது எப்படி என்று அவனுக்கே தெரியாது. விழுந்தவர் விளையாட்டில் மட்டும் விழவில்லை, தரையிலும் விழுந்து உருண்டு எழுந்து மறுபடி ஆடினார். கேலி செய்தவன், ஒலிபெருக்கி, டார்மி, கினாசியின் வகுப்பு, எல்லாக் கண்ணும் அவர்மேல். முன்வரிசைப் பக்கம் ஒரு கண் மிச்சம் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது குண்டுக்கு இடப்பக்கம் சாய்ந்தபோது மூங்கில் இருந்தது. அது தடுப்புப் பலகை இல்லை என்பதால் சாய்ந்துவிட்டது. கயிறு தளர்ந்தது. அப்பளங்கள் எல்லாம் கூட்டத்தின் தலையில் இறங்கின. கையைக் கட்டிக்கொள்ளாமலே எல்லாரும் அப்பளம் தின்ற முதல் சுதந்திர தினம் அது.

"மன்னிச்சுக்கோ" என்று மூங்கிலிடம் சொல்லிவிட்டு வியோனோ எழுந்தார். மேல்சந்து மூன்று, கீழ்சந்து ஒன்று. பிமோவுக்குப் பரிசு பெரிய பிளாஸ்டிக் வாளி. வியோனோவுக்குச் சின்ன வாளி. முன்வரிசையில் கினாசியின் இடம் காலியாக இருந்தது.

அவர் வாளியோடு வீட்டுக்கு வந்தார். அழுகை வந்தது, சந்தில் அழ முடியாது என்பதால் நடையை வேகப்படுத்தினார். வாக்கையும் காப்பாற்றவில்லை, போட்டியையும் ஜெயிக்கவில்லை. இனி கெடிரிப் பேருந்தில் பிள்ளையை ஏற்றிவிட்டு, படியில் தொங்குகிறவனிடம் பார்த்துச் சாயச் சொல்ல வேண்டியதுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கடையில் யாரும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான்காவது டிவியைப் போட்டு, பழைய கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார். விளையாடவில்லை. துப்பாக்கிக் குழல் திரையின் ஓரத்தில் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

கினாசி உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலைமுடியில் அப்பளத் தூள். இரண்டாவது கண்ட்ரோலரின் ஒயர்ச் சிக்கலைப் பிரித்தாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

"ந்துக், நான் சத்தியத்த..."

"பாத்தேன்" என்றாள் அவள். "எதுக்குன்னும் பாத்தேன்."

அவள் அவருடைய இடப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது. முதல் எதிரி வருவதற்குள் வியோனோ பயந்து பயந்து கேட்டார்.

"அத்தைகிட்ட என்ன சொல்லப் போற?"

"சொல்லிட்டேன்." கினாசி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத்தை வீட்டுக் கூடம் ரொம்பச் சின்னது பாக். சாய எடமில்ல. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."